பார்டரில் முடியும் விரதம்

ஐப்பசி கடைசியிலேயே எங்கள் கடையில் துளசி மணி மாலை வந்து இறங்கிவிடும். தென்காசியில் அப்பா காலத்திலிருந்து நடக்கிற நாட்டு மருந்துக் கடை. கார்த்திகை முதல் தேதிக்கு மாலை, சந்தனம், கற்பூரம், விபூதி. மலைக்குக் கிளம்புகிற வாரத்தில் இருமுடிச் சாமான்: அவல், பொரி, வெல்லம், மாளிகைப்புறத்தம்மனுக்கு மஞ்சள்பொடி, வாவர் நடையில் செலுத்த மிளகு. அதே ஆட்கள் மலையிறங்கி வந்த மறுநாள் காலையில் மறுபடியும் கடை வாசலில் நிற்பார்கள். அப்போது கேட்பது ஓம வாட்டரும் அஷ்ட சூரணமும்.

“அண்ணாச்சி, ராத்திரியிலேர்ந்து வயித்த என்னமோ பண்ணுது.”

“என்ன சாப்டீய?”

“பரோட்டாதான்.”

“எத்தனை?”

அதற்கு அவர் பதில் சொல்ல மாட்டார். பக்கத்தில் நிற்கிற கூட்டாளிதான் எண்ணிக்கையைச் சொல்வார். எந்தக் கடை என்று நான் கேட்பதில்லை. கடையின் மேல் பிழை இல்லை. நாற்பத்தொரு நாள் வயிற்றுக்குப் பழக்கமில்லாத ஒன்றை, ஒரே உட்காரலில், ராத்திரி பத்து மணிக்கு மேல் உள்ளே தள்ளியிருக்கிறார். அதற்கு முன்னால் மணிக்கணக்காக வேனில் பயணம். அதற்கும் முன்னால் மலை ஏறி இறங்கிய அலுப்பு.

மதுரை, விருதுநகர், சிவகாசி, தூத்துக்குடி பக்கமிருந்து வருகிற எத்தனையோ குழுக்களுக்கு இது வழக்கமான கடைசிக் கட்டம். ஆரியங்காவு, புளியரை வழியாக மலையிறங்கி, குற்றாலத்தில் வேனை நிறுத்தி, பேரருவியிலோ ஐந்தருவியிலோ தலையைக் கொடுப்பார்கள். முறைப்படி ஊருக்குப் போய், தேங்காய் உடைத்து, அம்மா கையாலோ குருசாமி கையாலோ மாலை இறக்குகிறவர்கள் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் வழியிலேயே குருசாமி மந்திரம் சொல்லி மாலையைக் கழற்றிவிட, கறுப்பு வேட்டியை மாற்றிக்கொண்டு, நேரே பரோட்டாக் கடைகள் இருக்கிற பிரானூர் பார்டருக்கு வண்டியை விடச் சொல்கிறவர்களும் உண்டு. அருவிக் குளியல் பசியைக் கிளப்பும் என்பது குற்றாலத்துக்கு வந்த எல்லோருக்கும் தெரியும். அந்தப் பசியோடு நாற்பத்தொரு நாள் ஆசையும் சேர்ந்துகொள்ளும்.

ஊரில் சிலர் இதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். ‘இதுக்கா விரதம் இருந்தான்?’ என்று கேட்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விரதம் முடிந்து கறி சாப்பிடுவது எங்கள் சீமையில் நேற்று வந்த பழக்கம் இல்லை. அதன் பின்னால் ஒரு பழைய முறை இருக்கிறது. அந்த முறை எங்கே கை நழுவியது, அதன் இடத்தில் பரோட்டா எப்படி வந்து உட்கார்ந்தது என்பதைத்தான் எழுத வருகிறேன்.

முதலில் அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். பிரானூர் இன்று எதற்கும் எல்லை இல்லை. கேரள எல்லை அங்கிருந்து மேற்கே, புளியரையைத் தாண்டி, மலைமேல் கோட்டைவாசலில் இருக்கிறது. ஆனால் 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. இந்தப் பக்கம் தென்காசி, திருநெல்வேலி ஜில்லா. ஏழெட்டுக் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்கள், இரண்டு அரசாங்கம். நடுவில் பிரானூரில் செக்போஸ்ட். மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது, எல்லைக் கோடு மலைக்கு ஏறிப்போனது. பெயர் மட்டும் கீழேயே தங்கிவிட்டது. இன்றைக்கும் பஸ்ஸில் ஏறி ‘பார்டர் ஒண்ணு’ என்றுதான் டிக்கெட் கேட்கிறோம்.

அப்பா அந்த எல்லையைத் தாண்டிச் சரக்கு எடுத்தவர். மிளகு, சுக்கு, ஏலம், பாக்கு எல்லாம் மேற்கேயிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும். அரிசியும் வத்தலும் மாடும் கிழக்கேயிருந்து ஏறும். 1865-லேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பின்வந்த பிரிட்டிஷ் அரசும் திருவிதாங்கூரும் ஒப்பந்தம் போட்டு இரண்டு பக்கத்து வியாபாரத்துக்கான வரிகள் பலவற்றை எடுத்துவிட்டன. ஆனாலும் சோதனை என்ற ஒன்று இருக்கும் இடத்தில் காத்திருப்பும் இருக்கும். வண்டிக்காரன் காத்திருக்கும் இடத்தில் அடுப்பு எரியும். பிறகு அந்தப் பக்கமெல்லாம் மர அறுவை மில்கள் வந்தன. லாரி டிரைவர், கிளீனர், லோடு தூக்குகிறவர், மில்லில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர் எல்லோருக்கும் வேண்டியது சூடாக, சீக்கிரமாக, வயிறு நிறைய, எந்நேரமும் கிடைக்கிற சாப்பாடு. ‘ஃபாஸ்ட் ஃபுட்’ என்று போர்டு வைத்துக் கடைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே பார்டரில் நடந்தது அதுதான்.

அந்தச் சாப்பாடு பரோட்டாவாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் ரங்கூன் அரிசி நின்றுபோனது. பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூருக்கு அது பெரிய அடி. கப்பைக்கிழங்கும் ரேஷன் கோதுமையும் அரிசி தின்று பழகிய வீடுகளுக்குள் அதிகமாக வந்தது அப்படித்தான். சுதந்திரத்துக்குப் பிறகும் தானியப் பஞ்சம் தீரவில்லை. 1956-ல் அமெரிக்காவோடு பி.எல். 480 ஒப்பந்தம் போட்டு, அதற்கப்புறம் வருஷக்கணக்காகக் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. கோதுமையை அப்படியே சமைக்க நம் பெண்களுக்குக் கை பழகவில்லை. ஆனால் ரோலர் மில்லில் அரைத்து வந்த மைதாவைக் கடைக்காரர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இழுத்தால் கிழியாது, வீசினால் விரியும், ஊறவைத்து அடுக்கினால் பத்து நிமிஷத்தில் ஐம்பது பேருக்குப் போடலாம். அரிசிச் சாதத்தில் அந்த வேகம் வராது.

தென்காசி, செங்கோட்டை, வடகரை, அச்சன்புதூர், கடையநல்லூர் என்று இந்தப் பகுதி முழுக்க முஸ்லிம்கள் நிறைய வாழ்கிற ஊர்கள். கறிச் சமையலும் பரோட்டாவும் அவர்கள் கைக்குப் பழகியது. பார்டர் ரஹ்மத் கடை இன்று தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயர்; பார்டர் என்ற சொல்லைப் பெயரில் சேர்த்துக்கொண்டு மதுரையிலும் சென்னையிலும் கடைகள் நடக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் பெயர் பெறாத சின்னக் கடைகளும் அதே கைப்பக்குவத்தோடு இருக்கின்றன. அவர்களில் பலர் எங்களிடம்தான் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, கசகசா வாங்குவார்கள். குற்றாலத்தில் கம்பெனி காலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் லவங்கப்பட்டையும் வைத்து வாசனைத் தோட்டம் போட்டிருந்தார்கள். சால்னாவில் விழுகிற வாசனைச் சரக்குக்கும் இந்த மலைக்கும் உறவு அவ்வளவு பழையது.

நல்ல பரோட்டா மாஸ்டர் வேலை செய்வதை நின்று பார்க்க வேண்டும். எண்ணெய் தடவி ஊறவைத்த உருண்டையை உள்ளங்கையால் தட்டி, இரண்டு கையாலும் ஓரம் பிடித்துக் கல் மேஜையில் ஒரு வீச்சு, இரண்டு வீச்சு. மூன்றாவது வீச்சில் மாவு பின்பக்கம் தெரிகிற அளவுக்கு மெலிந்துவிடும். அதை விரலால் மடித்து, கயிறாக இழுத்து, சுருட்டி, அடியில் வாலைச் செருகி ஓரமாக வைப்பார். கல்லில் இரண்டு பக்கமும் சிவந்ததும், ஆறேழு பரோட்டாவை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, சூட்டோடு சூடாக இரண்டு கையாலும் சுற்றிலும் நாலு அடி. அந்த அடியில் சுருள் உதிர்ந்து மடிப்பு மடிப்பாக விரியும். எங்கள் பக்கத்துப் பரோட்டா சின்னது, மெத்தென்று இருப்பது. இலையில் விழுந்ததும் பரிமாறுகிறவரே பிய்த்துப்போட்டு, மேலே சால்னாவைக் குளிர ஊற்றிவிடுவார். ரெண்டு போட்டால் ரெண்டு சாப்பிட்டது தெரியாது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. சின்னதாக இருப்பதால் எண்ணிக்கை ஏறுகிறது. பிய்த்துப் போட்டதால் எண்ணிக்கையே மறந்துபோகிறது. கூடவே பெப்பர் சிக்கன், காடை, நாட்டுக்கோழி, கடைசியில் கொத்துப் பரோட்டா.

பெப்பர் சிக்கனில் விழுகிற மிளகையும் வாவர் சாமிக்குச் செலுத்துகிற மிளகையும் நான் ஒரே சாக்கிலிருந்துதான் அள்ளுகிறேன். ஐயப்பனின் முஸ்லிம் தோழரான வாவருக்கு மிளகு காணிக்கை கொடுத்து வணங்கிவிட்டு வருகிறவர்கள், மாலை இறக்கிய முதல் சாப்பாட்டை ஒரு பாய் கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இலை போடுகிறவர் “சாமி, தரிசனம் நல்லபடியா ஆச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் வைக்கிறார். மாலையைக் கழற்றிய பிறகும் அந்த ஒரு ராத்திரி கடைக்காரர்களுக்கு அவர்கள் சாமிதான். இந்த மண்ணில் பிறந்ததற்காக நான் பெருமைப்படுகிற விஷயங்களில் இது ஒன்று.

இப்போது பழைய முறைக்கு வருகிறேன். நெல்லைச் சீமையில் சாஸ்தா புதிய சாமி இல்லை. பங்குனி உத்திரத்தன்று தங்கள் குலதெய்வ சாஸ்தாவைத் தேடிக் காட்டுக்கும் குளத்தங்கரைக்கும் போகாத குடும்பம் குறைவு. காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் ஆடி அமாவாசைக்கு நாள்கணக்கில் குடில் போட்டுத் தங்குகிறார்கள். குளத்துப்புழை, ஆரியங்காவு, அச்சன்கோவில் மூன்றும் எங்கள் மலைக்கு அந்தப் பக்கம்தான். பாலகனாக, வாலிபனாக, குடும்பஸ்தனாகச் சாஸ்தா இருக்கிற கோயில்கள். மார்கழியில் அச்சன்கோவில் ஆபரணப் பெட்டி புனலூரிலிருந்து புறப்பட்டு, மலையிறங்கித் தென்காசிக்கு வந்து, காசி விசுவநாதர் கோயில் முன்னால் எங்கள் வரவேற்பை ஏற்றுக்கொண்டுதான் போகிறது. மாநில எல்லை அந்தப் பெட்டியை நிறுத்தியதில்லை.

சாஸ்தா கோயில்களில் ஒரு ஒழுங்கு உண்டு. சாஸ்தா சைவம். அவருக்குப் பொங்கலும் பழமும். வெளியே நிற்கிற பரிவார தெய்வங்கள், சங்கிலிபூதத்தார், பட்டவராயன், சுடலைமாடன், கருப்பசாமி, இவர்களுக்குக் கிடா. அதற்கேற்றபடி மனுஷர்களின் விரதத்துக்கும் இரண்டு பாதி. கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டியதும் ஊரில் கவுச்சி நின்றுவிடும். சாமியாடிகள் தனியாகச் சமைத்து, ஒருபொழுது சாப்பிட்டு, தரையில் படுப்பார்கள். கொடை முடிந்து கிடா வெட்டிப் படப்புப் போட்டதும் அந்தச் சாமியாடியே முதல் ஆளாகக் கறிச்சோறு சாப்பிடுவார். விரதம் அங்கே கறியோடுதான் முடியும், சாமிக்கு முன்னாலேயே முடியும், ஊரே பார்க்க முடியும். அதில் ஒளிவு மறைவு கிடையாது, குற்ற உணர்ச்சியும் கிடையாது.

அங்கே இன்னொன்றும் இருந்தது. கிடா ஒன்று, பங்கு நூறு. வரிக்கு இவ்வளவு என்று கூறு போட்டுக் கொடுத்தால் ஒரு ஆளுக்குக் கையளவு கறி வந்தால் பெரிது. எவ்வளவு ஆசை இருந்தாலும் மிஞ்சிச் சாப்பிட முடியாது. அளவு, சாப்பிடுகிறவன் கையில் இல்லை.

சபரிமலையில் பதினெட்டாம்படிக்குக் கீழே கருப்பசாமி காவல் நிற்கிறார். ஆனால் அங்கே கிடா இல்லை, படப்பு இல்லை. நெய்யபிஷேகம், அப்பம், அரவணை, அவ்வளவுதான். அது அந்தக் கோயிலின் முறை, சரியான முறை. ஆனால் நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் போகிறவன் உடம்பில் ஊறிய பழக்கத்தில் விரதத்துக்கு இரண்டாம் பாதி ஒன்று இருக்கிறதே, அதற்கு அந்த மலையில் இடமில்லை. அந்த இரண்டாம் பாதியைத்தான் பார்டர் எடுத்துக்கொண்டது என்று நான் நம்புகிறேன்.

முன்பு அதற்கு அவசரமே இருந்திருக்காது. தமிழ்நாட்டிலிருந்து சபரிமலைக்குப் போனவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. போனவர்களும் காட்டுவழி நடந்துதான் போனார்கள். 1904-ல் செங்கோட்டையிலிருந்து புனலூர் வழியாகக் கொல்லத்துக்கு ரயில் வந்தது. மலையைக் குடைந்து, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் கட்டிப் போட்ட மீட்டர் கேஜ் பாதை. அதில் புனலூர் வரை போய், மீதி வழியை நடந்தார்கள். திரும்பும்போதும் அதே நடை. மலையிறங்கிய பிறகு ஊர் வந்து சேர நாள்கள் ஆகும். வழியெல்லாம் கஞ்சியும் பயறும்தான். ஊருக்கு வந்து மாலை இறக்குகிறபோது மனசும் வயிறும் மெல்ல மெல்ல வீட்டுக்குத் திரும்பியிருக்கும்.

1950-ல் சபரிமலைக் கோயில் தீக்கிரையானது. 1951-ல் இப்போதுள்ள ஐம்பொன் விக்ரகம் பிரதிஷ்டை ஆவதற்கு முன், நீதிக்கட்சித் தலைவர் பி.டி. ராஜனும் நாடகக் கலைஞர் நவாப் ராஜமாணிக்கமும் அதைத் தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் கொண்டுவந்து காட்டினார்கள். ராஜமாணிக்கம் கம்பெனியின் ஐயப்பன் நாடகம் பார்த்துவிட்டு மாலை போட்டவர்கள் பலர் என்று அப்பா சொல்வார். 1975-ல் ‘சுவாமி ஐயப்பன்’ படம் வந்தது. பாடகர் கே. வீரமணியின் பாட்டு ஒலிக்காத கார்த்திகை இல்லை என்றானது. நடிகர் நம்பியார் குருசாமியாக வருஷா வருஷம் குழு கூட்டிப் போனார். பம்பை வரை வண்டி போக ரோடு வந்தது. டூரிஸ்ட் பஸ், பிறகு மெட்டடார், பிறகு டெம்போ டிராவலர். எங்கள் கடையில் மாலை விற்பனை அப்பா ஆரம்பித்ததற்கும் நான் பார்ப்பதற்கும் ஒப்பே கிடையாது.

மலை அதே உயரம். கீழே இருந்த வழிதான் சுருங்கிப்போனது. விடியற்காலையில் நெய்யபிஷேகம் பார்த்தவர் சாயங்காலம் பேரருவியில் நிற்கிறார். முன்பு நாள்கணக்கில் நடந்த முடிவு இப்போது மணிக்கணக்கில் நடந்துவிடுகிறது. மாலை கழற்றுவதற்கும் இலை போடுவதற்கும் நடுவே சில பேருக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. என் கண்ணில் படுகிற வயிற்றுவலிகளுக்கெல்லாம் வேர் அந்த ஒரு மணி நேரம்தான். கோழியின் மேலோ மைதாவின் மேலோ பழி போடுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

விரதத்தை எப்படித் தொடங்குவது என்பதற்கு ஆயிரம் விதி சொல்கிற நாம், முடிப்பதற்கும் விதி வைத்திருந்தவர்கள்தான். ஏகாதசி இருந்தவருக்குத் துவாதசி காலையில் பாரணை: அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். பட்டினி கிடந்த வயிற்றுச் சூட்டை அகத்தி தணிக்கும் என்பது எங்கள் கடை வைத்தியம். ரமலானில் பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் மக்ரிப் நேரத்தில் ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர், அப்புறம் நோன்புக் கஞ்சி. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் போட்டுக் குழையக் காய்ச்சியது. கறியும் பிரியாணியும் அதற்குப் பிறகுதான். பரோட்டா போடுகிற பாய் வீட்டில் நோன்பு திறக்கும் முறை அவ்வளவு நிதானமானது. அவருடைய கடையில் ஐயப்ப சாமி தன் விரதத்தை முடிக்கும் வேகத்தை அவரே கவலையோடுதான் பார்க்கிறார். “மெதுவா சாப்பிடுங்க சாமி, கடை ரெண்டு மணி வரைக்கும் இருக்கு” என்று ஒரு பெரியவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

காந்தி 1932-ல் எரவாடா சிறையில் ஆறு நாள் உண்ணாவிரதம் இருந்து, செப்டம்பர் 26 அன்று தாகூர் அருகிலிருக்க அதை முடித்தபோது எடுத்துக்கொண்டது ஆரஞ்சுச் சாறு. உண்ணாவிரதத்தில் அவ்வளவு அனுபவம் உள்ள மனிதர், முடிவைத்தான் மிகக் கவனமாகக் கையாண்டார்.

ஐயப்ப விரதம் பட்டினி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாதம், சாம்பார், ரசம், இட்லி எல்லாம் உண்டு. பஜனை வீடுகளில் அன்னதானம் பாயசத்தோடு நடக்கும். யாரும் எலும்பும் தோலுமாகப் போவதில்லை. கவுச்சி இல்லை, எண்ணெய்ப் பலகாரம் குறைவு, ராத்திரிச் சாப்பாடு சீக்கிரம். அதனால் வயிறு லேசாகப் பழகிவிடுகிறது. கொழுப்பு மிகுந்த உணவு வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். அதை நெஞ்சு வரை நிரப்பிக்கொண்டு வேன் சீட்டில் சாய்ந்து தூங்கினால் புளித்த ஏப்பமும் எரிச்சலும் வராமல் என்ன செய்யும்?

ஆனால் நான் பார்த்தவரை வயிற்றைவிட மனசுதான் அதிகம் கிடந்து தவிக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிகிற சமயம் அமெரிக்காவில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்து ஆராய்ந்தார். எடையில் ஏறக்குறைய கால்வாசி குறைந்தது. அவர்கள் பகலெல்லாம் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைப் படித்தார்கள். சோதனை முடிந்து இஷ்டம்போல் சாப்பிட விட்டபோது, வயிறு நிறைந்த பிறகும் சிலருக்குப் பசி அடங்கவில்லை. நம் விரதத்தை அதோடு சமமாக வைக்க முடியாது. ஆனால் விலக்கி வைத்தது மனசுக்குள் பெரிதாக வளர்கிறது என்பதை நான் ஒவ்வொரு கார்த்திகையிலும் பார்க்கிறேன். மாலை போட்ட இளவட்டங்கள் இருமுடிச் சாமான் வாங்க வந்து நிற்கும்போதே பார்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பெரியசாமி யாராவது அதட்டினால்தான் பேச்சு நிற்கும்.

அந்தப் பேச்சை நான் தப்பாக எடுப்பதில்லை. புரட்டாசியிலும் ஐயப்ப சீசனிலும் நாமக்கல் பக்கம் முட்டைக்கும் கோழிக்கும் விலை இறங்குகிற அளவுக்கு ஜனங்கள் வாயைக் கட்டுகிறார்கள் என்றால் அது சின்னக் காரியம் இல்லை. பீடி, சிகரெட், குடி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வீட்டில் அம்மாவோடும் பெண்டாட்டியோடும் ஒரு நாளும் முகம் கொடுத்துப் பேசாதவன்கூடச் சாந்தமாக இருக்கிற நாள்கள் அவை. அப்படி இருந்தவன் நாலு பரோட்டாவுக்கு ஆசைப்பட்டால் அவனை ஏச எனக்கு மனசு வராது. எனக்கு வருத்தமெல்லாம், அவ்வளவு பக்குவமாக இருந்த உடம்பை ஒரு ராத்திரியில் அவனே போட்டு வதைக்கிறானே என்பதுதான். போன சில வருஷங்களாகப் பார்டர்க் கடைகளோடு பொரித்த கோழிக் கடை, மந்திக் கடை, ஷவர்மா என்று தென்காசி ரோடு முழுக்க வந்துவிட்டது. சாப்பிட இடம் அதிகமாக ஆக, அளவு சொல்ல ஆள் குறைந்துபோனது.

அஷ்ட சூரணத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம் என்று எட்டுச் சரக்கு. மந்தத்துக்கும் வாயுவுக்கும் சாதத்தில் நெய்யோடு முதல் கவளமாகப் பிசைந்து சாப்பிட வேண்டிய மருந்து. அதைக் கொடுக்கும்போது நான் சொல்வது ஒன்றுதான்: இன்றைக்கு முழுக்க ரசம் சாதம், மோர். நெஞ்சு வலி இருந்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ என் கடையில் நிற்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடையநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்துக் குருசாமி ஒருவர் எங்களுக்கு வெகுகாலப் பழக்கம். கொடைகளில் படப்புப் போட்டுப் பங்கு பிரித்த குடும்பம் அவருடையது. அவர் குழுவுக்கு ஒரு முறை வைத்திருக்கிறார். குற்றாலத்தில் குளிக்கலாம், ஆனால் மாலையோடுதான் குளிக்க வேண்டும். பார்டரை வண்டி நிற்காமல் தாண்ட வேண்டும். ஊருக்குப் போய், அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்து, அம்மா கையால் மாலை இறக்கியதும் புழுங்கலரிசிக் கஞ்சி, தேங்காய்த் துவையல், சுட்ட அப்பளம். இரண்டு நாள் வீட்டுச் சாப்பாடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ராத்திரி இல்லை, மத்தியானம், அதே வேன், அதே ஆட்கள், இந்தத் தடவை பெண்டாட்டி பிள்ளைகளோடு பார்டருக்கு. அவரே நடுவில் உட்கார்ந்து எல்லோருக்கும் சேர்த்து ஆர்டர் சொல்வார். கறி ஐட்டம் மேஜைக்கு இவ்வளவு என்று அவர் கணக்கு. பரோட்டா வேண்டியமட்டும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும், போட்டுக்கொண்டே போகக் கூடாது.

முதலில் பையன்கள் முணுமுணுத்தார்கள். ‘மலைக்குப் போறதும் நீர் சொன்னபடி, கோழி திங்கறதும் நீர் சொன்னபடியா?’ என்று ஒருவன் முகத்துக்கு நேரே கேட்டானாம். குருசாமி கோபப்படவில்லை. ‘கொடையிலே பங்கு பிரிச்சது யாருலே?’ என்று மட்டும் கேட்டாராம். இந்த வருஷம் அந்தக் குழுவில் சேர்ந்திருக்கிற கன்னிச்சாமிகள், மலைக்குப் போகிற வேன் வாடகையோடு அந்த ஞாயிற்றுக்கிழமை வாடகையையும் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள்.